மேசையில் பிறந்த நூல்: அமெரிக்கப் பாத்திரமேற்பு விளையாட்டுகளின் பதிப்பு வரலாற்றில் மாநாடுகளின் பங்கு (1968–2023)

ஆய்வுச் சுருக்கம்

ஒரு மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று, பகடையின் துணையோடு உரையாடலிலேயே ஒரு கதையை நடத்திச் செல்வது பாத்திரமேற்பு விளையாட்டு. இதன் முதல் அச்சுநூலான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வெளிவந்தது. நூல் தோன்றுவதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பே அதே ஊரில் விளையாட்டாளர் மாநாடு தொடங்கிவிட்டது. இந்த முன்பின் வரிசை தற்செயலானதன்று என்பதும், கூட்டாக விளையாடி உருவாக்கியதை ஒரு பதிப்பகம் எந்த அளவுக்குத் தனதாக்கிக்கொள்ள இயலும் என்ற கேள்வி இத்துறையின் அரைநூற்றாண்டு வரலாற்றை நடத்திவந்துள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: பாத்திரமேற்பு விளையாட்டு, ஜென் கான், பதிப்பு வரலாறு, பதிப்புரிமை, திறந்த உரிமம், கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன்.

முன்னுரை

பதிப்பு வரலாறு பெரும்பாலும் ஆசிரியரிடமிருந்து தொடங்கி, அச்சகத்தின் வழியாக வாசகரிடம் முடிகிறது. வாசகர்கள் முதலில் கூடி, தமக்குள் ஒரு வழக்கத்தை உருவாக்கி, அதன் பின்னரே ஆசிரியரும் அச்சகமும் தோன்றும் நேர்வுகள் குறைவு. பாத்திரமேற்பு விளையாட்டின் விதிநூல் அத்தகைய அரிய நேர்வுகளுள் ஒன்று. மேலும், இந்நூல் வாசித்து முடிப்பதற்கு உரியதன்று. விதிநூலை ஒருவர் எத்தனை முறை படித்தாலும், நால்வர் கூடி மேசையில் அமரும்வரை அதன் பயன் நிறைவேறுவதில்லை. ஆகவே இத்துறையில் பதிப்பையும் கூடுகையையும் தனித்தனியே ஆராய்வது முழுமையான சித்திரத்தைத் தராது.

இக்கட்டுரை அமெரிக்காவில் நிகழ்ந்த வளர்ச்சியை மட்டும் எல்லையாகக் கொள்கிறது. 1968ஆம் ஆண்டின் முதல் ஜென் கான் மாநாட்டில் தொடங்கி, 2023ஆம் ஆண்டின் உரிமச் சிக்கல் வரை அமைகிறது.

1. மாநாடு முந்தியது

பாத்திரமேற்பு விளையாட்டின் வேர் போர்விளையாட்டுகளில் உள்ளது. 1824ஆம் ஆண்டு பிரஷ்யப் படை அதிகாரிகளின் பயிற்சிக்காக ரைஸ்விட்ஸ் வகுத்த 'கிரீக்ஸ்ஷ்பீல்' முறையில் நடுவர் ஒருவர் இருந்தார். படைத்தலைவர்களின் கட்டளைகளைப் பெற்று விளைவை அறிவிப்பது அவர் பணி. 1913இல் ஹெச். ஜி. வெல்ஸ் எழுதிய 'லிட்டில் வார்ஸ்' பொம்மைப் படைகளைக் கொண்டு ஆடும் பொழுதுபோக்கை நூலாக்கியது. 1954இல் சார்லஸ் ராபர்ட்ஸ் வெளியிட்ட 'டாக்டிக்ஸ்' என்ற பலகை விளையாட்டும், அவர் நிறுவிய அவலான் ஹில் நிறுவனமும் அமெரிக்காவில் போர்விளையாட்டை ஒரு சந்தையாக்கின.

எனினும், இவ்விளையாட்டாளர்கள் ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடந்தனர். எதிராளி கிடைப்பதே அவர்களது முதன்மையான இடர்ப்பாடு. அஞ்சல்வழி ஆட்டமும், கையால் படியெடுத்த செய்திமடல்களும், சங்கங்களும் இத்தேவையிலிருந்தே எழுந்தன. அத்தகைய சங்கங்களுள் ஒன்றான சர்வதேசப் போர்விளையாட்டுக் கூட்டமைப்பில் ஈடுபாட்டுடன் உழைத்தவர் கேரி கைகாக்ஸ். ஜெனீவா ஏரிக்கரையில் அமைந்த லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த அவர், சிகாகோவிலுள்ள ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பணிபுரிந்தவர்.

1968ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள், அவ்வூரின் தோட்டக்கலை மன்றம் 50 டாலர் வாடகைக்கு எடுக்கப்பட்டு முதல் ஜென் கான் மாநாடு நடைபெற்றது. ஏறத்தாழ நூறு பேர் வந்தனர். ஊர்ப்பெயரையும், போர்நெறி குறித்த ஜெனீவா உடன்படிக்கையையும் ஒருங்கே நினைவூட்டும் சிலேடைப் பெயர் அது. ஆங்கிலத்தில் உடன்படிக்கையையும் மாநாட்டையும் குறிக்க ஒரே சொல் வழங்குவதால் இச்சிலேடை இயன்றது. அந்த நூறு பேரிடம் விற்பதற்குரிய பாத்திரமேற்பு நூல் எதுவும் அன்று உலகில் இல்லை. அடுத்த ஆண்டு நடந்த இரண்டாம் மாநாட்டில், மினசோட்டா மாநிலத்தின் இரட்டை நகரங்களிலிருந்து வந்த டேவ் ஆர்னெசனைக் கைகாக்ஸ் சந்தித்தார். பின்னாளில் இருவர் பெயரும் ஒரே நூலின் முகப்பில் இடம்பெற இச்சந்திப்பே வழிவகுத்தது.

2. மேசையிலிருந்து அச்சுக்கு

இரட்டை நகரங்களின் விளையாட்டுக் குழுவில் 1969 அளவில் டேவிட் வெஸ்லி என்பவர் ஒரு சோதனை செய்தார். 'பிரௌன்ஸ்டைன்' என்ற கற்பனை ஊரைக் களமாக வைத்து, படைகளை மட்டுமன்றி அவ்வூர் மாந்தர்களையும் தனித்தனி ஆட்டக்காரர்களிடம் ஒப்படைத்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோக்கம் தரப்பட்டது. ஆட்டக்காரர்கள் திட்டமிட்ட போரை மறந்து, தங்களுக்குள் பேசவும் சூழ்ச்சி செய்யவும் தொடங்கினர். ஆட்டம் கட்டுக்கடங்காமல் போனதால் அதைத் தோல்வி என்றே வெஸ்லி கருதினார். ஆட்டக்காரர்களோ மீண்டும் ஆட விரும்பினர். புதிய வடிவம் ஒன்று பிறந்ததை முதலில் உணர்ந்தவர்கள் ஆடியவர்களே என்பது இங்குக் கருதத்தக்கது.

அக்குழுவைச் சேர்ந்த ஆர்னெசன் 1971இல் 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டைப் படைத்து இதனை மேலும் வளர்த்தார். ஆட்டக்காரர் ஒரே மாந்தரைப் பல அமர்வுகளுக்குத் தொடர்ந்து ஏற்பதும், அம்மாந்தர் அனுபவத்தால் ஆற்றல் பெறுவதும், கோட்டைக்கு அடியிலுள்ள நிலவறைகளைத் துருவி ஆராய்வதும் அங்கு வழக்கமாயின. போர்முறைக்கு அவர் தொடக்கத்தில் துணைகொண்ட நூல்களுள் ஒன்று, கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதி அதே ஆண்டில் கைடன் கேம்ஸ் வெளியிட்ட 'செயின்மெயில்'. அதன் பின்னிணைப்பில் மாயாவிகளுக்கும் டிராகன்களுக்கும் விதிகள் இருந்தன. 1972இன் இறுதியில் ஆர்னெசன் லேக் ஜெனீவாவுக்கு வந்து பிளாக்மூரை ஆடிக்காட்டினார். அவரது குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டு கைகாக்ஸ் முதலில் 50 பக்க வரைவையும், பின்னர் 150 பக்க வரைவையும் எழுதினார். அவை நண்பர் குழுக்களிடையே ஆடிப் பார்க்கப்பட்டன.

அப்போது கைகாக்ஸ் காப்பீட்டுப் பணியை இழந்து, காலணி பழுதுபார்த்து வாழ்ந்துவந்தார். ஏற்கெனவே இயங்கிய பதிப்பகங்கள் முன்வராத நிலையில், 1973 அக்டோபரில் அவரும் இளமைக்கால நண்பர் டான் கேயும் சேர்ந்து 'டாக்டிக்கல் ஸ்டடீஸ் ரூல்ஸ்' என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கினர். டிஎஸ்ஆர் என்னும் சுருக்கப்பெயர் இதிலிருந்து வந்தது. அச்சுச் செலவுக்குத் தேவையான முதல், பிரையன் புளூம் பங்காளராக இணைந்தபோது கிடைத்தது. 1974 ஜனவரியில் மூன்று சிறு நூல்கள் அடங்கிய பெட்டியாக 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1,000 படிகள் வெளிவந்தது. விலை 10 டாலர். பெட்டிகளில் நூல்களை அடுக்கியவர்கள் பங்காளர்களும் அவர்தம் குடும்பத்தாருமே. விளம்பரத்துக்குப் பணமில்லாத அந்நூல் செய்திமடல்கள், கடிதங்கள், மாநாடுகள் வழியாகவே பரவியது. ஓராண்டுக்குள் முதல் அச்சு தீர்ந்து, மறு அச்சு தேவைப்பட்டது.

இந்த முதற்பதிப்பு தெளிவற்றது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இல்லை. 'செயின்மெயில்' நூலைக் கையில் வைத்திருப்பவரும் போர்விளையாட்டுப் பழக்கம் உள்ளவருமே வாசகர் என அது எண்ணிக்கொண்டது. விதி கூறாத இடங்களை ஆடுவோரே கற்பனையால் நிரப்பிக்கொள்ள வேண்டும் என்று அதன் நிறைவுரை வலியுறுத்தியது. எனவே அந்நூலை ஒரு முழுமையான பனுவலாகக் காண்பதைவிட, நிகழ்ந்துகொண்டிருந்த ஒரு வழக்கத்தின் குறிப்பேடாகக் காண்பது பொருந்தும். நூலை வாங்கியவருக்கு ஆடத் தெரிந்த மற்றொருவரைக் காணும் தேவை இருந்தது. அத்தேவையை மாநாடு நிறைவேற்றியது.

3. போட்டி ஆட்டமும் தரப்படுத்தலும்

1975 ஜூலையில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆரிஜின்ஸ் மாநாடு முதன்முதலாக நடந்தது. அங்கு நடத்தப்பெற்ற போட்டி ஆட்டத்துக்காகக் கைகாக்ஸ் ஆயத்தம் செய்த நிலவறையே 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்'. போட்டி என்றால் பல மேசைகளில் பல நடுவர்கள் ஒரே நிகழ்வை ஆட்டுவிக்க வேண்டும். யார் எவ்வளவு தூரம் சென்றனர் என்று ஒப்பிட வேண்டும். ஒரு நடுவரின் மனத்தில் மட்டும் இருந்த நிலவறை அதனால் முதன்முறையாக, பிறரும் ஆட்டுவிக்கத்தக்க எழுத்துப்படியாக மாறவேண்டியதாயிற்று.

எழுதப்பட்ட நிலவறைக்குச் சந்தை உண்டு என்பதைத் தொடக்கத்தில் டிஎஸ்ஆர் உணரவில்லை. ஒவ்வொரு நடுவரும் தமக்குரியதைத் தாமே படைப்பார் என்பதே அதன் எண்ணம். இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டர் ஊரைச் சேர்ந்த பாப் பிளெட்சாவும் பில் ஓவெனும் 'ஜட்ஜஸ் கில்ட்' என்ற பெயரில் 1976ஆம் ஆண்டு ஜென் கானில் ஒரு கற்பனை நகரத்தின் வரைபடத்தை விற்றனர். அதற்குக் கிடைத்த வரவேற்பு, நடுவர்களின் உழைப்பைக் குறைக்கும் நூல்களுக்கும் வாசகர் உண்டு என்பதைக் காட்டியது. 1978இல் டிஎஸ்ஆர் இத்துறையில் இறங்கியபோது அச்சிட்டவற்றுள் பல, மாநாட்டுப் போட்டிகளில் ஏற்கெனவே ஆடப்பட்டவை. அரக்கர்களுக்கு எதிரான மூன்று பகுதித் தொடரும் 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' நூலும் அவ்வாறு வந்தவையே. இன்று இத்துறையின் பெரும் பதிப்பு வகையாகத் திகழும் சாகசநூல், மாநாட்டுப் போட்டித் தாளின் வளர்ச்சி எனலாம்.

இதன் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. 1977 முதல் 1979 வரை மூன்று நூல்களாக வந்த 'அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஊருக்கு ஊர் மாறாத ஒரே விதிமுறையை முன்வைத்தது; மாநாட்டு ஆட்டங்களில் சீர்மை வேண்டும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஐந்தாண்டுகளுக்கு முன் கற்பனையால் நிரப்பிக்கொள்ளச் சொன்ன பதிப்பகம், இப்போது அதிகாரபூர்வ விதி என்ற கருத்தை வற்புறுத்தியது. மாநாடு நூலைப் பிறப்பித்ததோடு, நூலை இறுக்கவும் காரணமாயிற்று.

4. உடைமை என்னும் சிக்கல்

புதிய விதிநூல்களின் ஆசிரியராகக் கைகாக்ஸ் பெயர் மட்டுமே இடம்பெற்றது. தமக்குரிய உரிமைத்தொகை கிடைக்கவில்லை என ஆர்னெசன் 1979இல் வழக்குத் தொடுத்தார். 1981இல் அது உடன்பாட்டில் முடிந்தது. மேசையைச் சுற்றிப் பலர் பேசிப்பேசி உருவாக்கிய ஒன்றில் ஆசிரியர் யார் என்ற வினாவை நீதிமன்றம் வரை கொண்டுசென்ற முதல் நேர்வு இது. பதிப்பகமும் பிறரிடமிருந்து எடுத்தாண்டதற்கு விலை கொடுத்தது. டோல்கீன் படைப்புகளின் வணிக உரிமையாளர்கள் 1977இல் எதிர்ப்புத் தெரிவித்ததால் 'ஹாபிட்' என்ற பெயர் 'ஹாஃப்லிங்' ஆனது, 'பால்ரோக்' நீக்கப்பட்டது.

அமெரிக்கச் சட்டம் இவ்வினாவுக்குப் பாதி விடையே தருகிறது. 1879ஆம் ஆண்டின் பேக்கர் எதிர் செல்டன் வழக்கில், ஒரு கணக்குமுறையை விளக்கும் நூலுக்குப் பதிப்புரிமை உண்டு, அம்முறைக்கே பதிப்புரிமை இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இவ்வேறுபாடே விளையாட்டுகளுக்கும் பொருந்திவருகிறது. விதியை எழுதிய சொற்கள் பதிப்பகத்துக்கு உரியவை. விதி எவருக்கும் உரியதன்று. முறை எங்கே முடிகிறது, சொல் எங்கே தொடங்குகிறது என்ற எல்லை தெளிவற்றது என்பதால், வழக்குச் செலவைத் தாங்கும் ஆற்றலுள்ளவர் பக்கமே நடைமுறையில் சட்டம் சாய்ந்தது.

மாநாடும் இந்த உடைமைப்போக்குக்கு விலக்கன்று. உள்ளூர்ச் சங்கத்தார் நடத்திவந்த ஜென் கான் 1970களின் நடுப்பகுதியில் டிஎஸ்ஆர் பொறுப்புக்குச் சென்றது. 1978இல் கெனோஷா ஊரின் விஸ்கான்சின்–பார்க்சைட் பல்கலைக்கழகத்துக்கும், 1985இல் மில்வாக்கி நகருக்கும் இடம்பெயர்ந்தது. அதே 1985இல் கைகாக்ஸ் நிறுவனத்தின் கட்டுப்பாட்டை இழந்தார். 1990களில் இணையத்தில் விளையாட்டாளர்கள் பகிர்ந்த சொந்த ஆக்கங்களுக்கும் நிறுவனம் கட்டுப்பாடு விதித்தபோது, வாசகருக்கும் பதிப்பகத்துக்கும் இடையிலான கசப்பு பெருகியது.

1997இல் கடனில் மூழ்கிய டிஎஸ்ஆர், சியாட்டில் வட்டாரத்தைச் சேர்ந்த விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. நூல்கடைகளிலிருந்து திரும்பிவந்த படிகள், விலைபோகாத பொருள்கள், ஒன்றோடொன்று போட்டியிட்ட பல கற்பனை உலகத் தொடர்கள் எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. நிறுவனத்தை வாங்குவதற்கு முன் அதன் நிலையை நேரில் ஆராய்ந்த ரியான் டான்சி, வாடிக்கையாளரின் குரலைக் கேளாமையையே அடிப்படைக் குறையாகப் பின்னர் எழுதினார். ஆண்டுதோறும் பல்லாயிரம் விளையாட்டாளர்கள் கூடும் மாநாட்டைத் தன் கையில் வைத்திருந்த நிறுவனம் இக்குறைக்கு ஆளானது இவ்வரலாற்றின் பெரும் முரண்.

5. திறந்த உரிமம்: ஓர் உடன்படிக்கை

2000 ஆகஸ்டில் மூன்றாம் பதிப்பின் முதல் விதிநூல் ஜென் கானில் வெளியிடப்பட்டது. அதனோடு வந்த 'திறந்த விளையாட்டு உரிமம்', அடிப்படை விதிகளின் சொற்களையே எவரும் உரிமைத்தொகை இன்றி எடுத்தாண்டு நூல் வெளியிட இசைவளித்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் சிந்தனையைத் தழுவி டான்சி இதனை முன்னெடுத்தார். பிறர் எழுதும் துணைநூல்கள் தம் விதிநூலின் விற்பனையை வளர்க்கும் என்ற வணிகக் கணக்கும் இதில் இருந்தது.

இவ்வுரிமத்தை நம்பிச் சிறு பதிப்பகங்கள் பல தோன்றின. அவற்றுக்கு மாநாட்டுக் கடை இன்றியமையாதது. விநியோகிப்பாளர் வழியாக விற்றால் முகப்பு விலையில் பாதிக்கும் குறைவே பதிப்பாளருக்குக் கிட்டும். மாநாட்டில் நேரே விற்றால் முழு விலையும் கைக்கு வரும். அதைவிட முக்கியமானது, வாங்க வந்தவரை அமர்த்தி ஆட்டத்தை ஆடிக்காட்டும் வாய்ப்பு. விதிநூலின் தரத்தை அட்டையைப் பார்த்து அறிய இயலாது. அரைமணி நேர ஆட்டம் அதை உணர்த்திவிடும். ஆர்னெசன் லேக் ஜெனீவாவுக்கு வந்து செய்த அதே செயல் இவ்வாறு ஒரு விற்பனை முறையாக நிலைபெற்றது.

இவ்வுரிமத்தின் வலிமை 2008இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு வந்த நான்காம் பதிப்பை நிறுவனம் திறந்த உரிமத்தின்கீழ் வைக்காமல் கட்டுப்பாடு மிகுந்த வேறோர் உரிமத்தை அறிவித்தது. முன்பு அந்நிறுவனத்துக்காக இதழ்களை நடத்திய பைசோ பதிப்பகம், மூன்றாம் பதிப்பின் திறந்த விதிகளைக் கொண்டு 'பாத்ஃபைண்டர்' என்ற தனி விளையாட்டை உருவாக்கி, 2009 ஆகஸ்டில் ஜென் கானில் வெளியிட்டது. சோதனை வரைவுகளைப் பொதுவில் வைத்து விளையாட்டாளர்களின் கருத்தைப் பெற்று அந்நூல் செப்பம் செய்யப்பட்டிருந்தது. மூல நிறுவனம் கைவிட்ட விதிகளை வாசகர்கள் கைவிடவில்லை.

இதற்கிடையே மாநாடும் பதிப்பகமும் பிரிந்தன. 1999இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் விசார்ட்ஸை வாங்கியது. 2002இல் விசார்ட்ஸின் நிறுவனர்களுள் ஒருவரான பீட்டர் அட்கிசன் ஜென் கானைத் தனியே விலைக்கு வாங்கினார். 2003 முதல் இண்டியானாபோலிஸ் நகரில் நடந்துவரும் அம்மாநாடு, 2008இல் திவால் சட்டப் பாதுகாப்பை நாடும் நிலைக்குச் சென்று மீண்டது. 2017இல் நடந்த ஐம்பதாம் ஆண்டு மாநாட்டுக்கு நுழைவுச் சீட்டுகள் முதன்முறையாக முழுவதும் விற்றுத் தீர்ந்தன. 2023இல் வருகை 70,000ஐத் தாண்டியது.

6. 2023: கேள்வியின் மறுவருகை

2023 ஜனவரித் தொடக்கத்தில், திறந்த உரிமத்தின் புதிய வரைவு ஒன்று வெளியே கசிந்தது. பழைய உரிமம் இனிச் செல்லாது என்பதும், ஆண்டு வருவாய் 7,50,000 டாலரைக் கடக்கும் பதிப்பகங்கள் கூடுதல் வருவாயில் உரிமைத்தொகை செலுத்த வேண்டும் என்பதும் அதன் கூறுகள். 23 ஆண்டுகளாகப் பழைய உரிமத்தை நம்பி நூல்களை அச்சிட்டுக் கிடங்கில் வைத்திருந்தவர்களுக்கு இது வாழ்வாதாரச் சிக்கலாயிற்று. உரிமத்தை வழங்கியவரே அதைத் திரும்பப் பெற இயலுமா என்பது நீதிமன்றத்தில் தீர்க்கப்படாத வினா.

எதிர்ப்பு நீதிமன்றத்துக்கு வெளியே எழுந்தது. விளையாட்டாளர்கள் நிறுவனத்தின் இணையச் சந்தாவைக் கைவிட்டனர். பதிப்பகங்கள் கூட்டறிக்கை விடுத்தன. பைசோ எந்தத் தனி நிறுவனத்துக்கும் கட்டுப்படாத மாற்று உரிமம் ஒன்றை உருவாக்கப்போவதாக அறிவித்தது. ஜனவரி 27ஆம் நாள் விசார்ட்ஸ் தன் திட்டத்தைக் கைவிட்டு, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதி ஆவணத்தைத் திரும்பப் பெற இயலாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியிட்டது. ஒரு மாதத்துக்குள் முடிந்த இச்சிக்கலின் விளைவாக, தொடக்கத்தில் இருந்ததைவிடக் கூடுதலான பகுதி பொதுவுடைமையாயிற்று.

முடிவுரை

இவ்வாய்வு மூன்று கருத்துகளை நிறுவ முயன்றது. முதலாவது, பாத்திரமேற்பு விளையாட்டில் கூடுகை பதிப்புக்கு முற்பட்டது; நூலின் ஆசிரியர்கள் சந்தித்ததும், சாகசநூல் என்ற வகை உருப்பெற்றதும், மூன்றாம் பதிப்பும் அதன் போட்டி நூலும் வெளியானதும் மாநாட்டிலேயே. இரண்டாவது, மாநாட்டைக் குற்றமற்ற பொதுவெளியாகவும் பதிப்பகத்தை அபகரிப்பாளராகவும் மட்டும் காண்பது பிழை. தரப்படுத்திய விதியை மாநாடே வேண்டியது. மாநாடும் கைமாறும் உடைமையாயிற்று. பதிப்பகம் இன்றேல் இரட்டை நகரங்களின் ஆட்டம் அக்குழுவோடு மறைந்திருக்கும். மூன்றாவது, 1981, 1997, 2009, 2023 ஆகிய நான்கு திருப்பங்களிலும் கேள்வி ஒன்றாகவே இருந்தது: பலர் கூடி ஆக்கியதில் அச்சிட்டவரின் பங்கு எவ்வளவு?

சட்டம் இதற்கு முழு விடை தரவில்லை. இந்நூல்களின் இயல்பு ஓரளவு தருகிறது. விதிநூலில் அச்சானது பாதி, மேசையில் நிகழ்வது மீதி. அந்த மீதியை எந்தப் பதிப்பகமும் கிடங்கில் வைத்துப் பூட்ட இயலவில்லை. பதிப்பு வரலாற்றை அச்சகப் பேரேடுகளிலும் முகப்புப் பக்கங்களிலும் மட்டும் தேடாமல், போட்டித் தாள்கள், செய்திமடல்கள், மாநாட்டு நிகழ்ச்சிநிரல்கள் ஆகியவற்றையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ள வேண்டிய தேவையை இந்நேர்வு உணர்த்துகிறது. நிகழ்வு முடிந்ததும் குப்பைக்குச் செல்லும் தாள்கள் அவை. நூறு பேர் கூடிய அந்தத் தோட்டக்கலை மன்றத்தின் ஒருநாளைப் பற்றி இன்று அறிய முடிவதற்குக் காரணம், அவ்வாறான தாள்களைச் சிலர் எறியாமல் வைத்திருந்ததும், வந்தவர்கள் தம் நினைவைப் பதிவு செய்ததுமே ஆகும்.